கால்மில்லியும் மாப்பிள்ளைக் கம்ப்யூட்டரும்

எங்கள் பட்டறையில் தினமும் காலை பத்தரை மணிக்குக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

“திறக்கிறேன்.”

அந்த ஒரு சொல் போதும். பெரிய லேத் நிற்கும். துளை போடுகிற மெஷின் நிற்கும். வெல்டர் முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொள்வார். எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவோம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பழைய கம்ப்யூட்டர் ஒரு பெரிய படத்தைத் திறக்க அவ்வளவு நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் பெரிய லேத்தை ஓட்டினால் விளக்கு மங்கும். விளக்கு மங்கினால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். படுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. நாங்கள் டீ குடித்து, கதை பேசி, அடுத்தவன் குடும்பத்தை அலசி முடிக்கும்போது, ஸ்கேலால் கண்ணாடியில் மூன்று தட்டு விழும். திறந்துவிட்டது என்று அர்த்தம். முதலாளி வாயைத் திறக்க மாட்டார். எங்களுக்கு டீ நேரம் கொடுத்தது அவர் இல்லை, அந்தக் கம்ப்யூட்டர்.

குரலுக்குச் சொந்தக்காரி எங்கள் பட்டறையில் படம் போடுகிறவள். பாட்டிலுக்கு மூடி போடும் மெஷின் செய்கிற பட்டறை இது. அவள் படம் போடுவாள், லேத்காரர்கள் அதைப் பார்த்துக் கடைவார்கள், கடைந்ததையெல்லாம் கோர்த்து மெஷினாக நிறுத்துவது நான். ஃபிட்டர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்: பொருந்தவில்லையா, அரம் போடு. அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் வழிக்கு வராத இரும்பு கிடையாது.

அவளுக்கு அரம் என்றாலே ஆகாது. “பொருந்தலைன்னா அது தப்பான பொருள் அண்ணே. அதை எதுக்கு அடிச்சுப் பழுக்க வைக்கறீங்க?” என்பாள். ஒருமுறை நான் மாட்டப்போன ஒரு ஷாஃப்டைக் கையிலிருந்து பிடுங்கி லேத்துக்குத் திருப்பி அனுப்பினாள். கால் மில்லி கூடுதலாம்.

“ஏம்மா, கால் மில்லியெல்லாம் ஒரு அளவா? ஒரு ஈ உக்காந்தா அவ்வளவு வரும்.”

“அப்ப ஈயை எழுப்பி விட்டுட்டு அளந்து பாருங்க.”

அன்று மத்தியானமே அவளுக்குக் கால்மில்லி என்று பெயர் வைத்தேன். வைத்த பெயர் நிலைத்துவிட்டது. முதலாளி மட்டும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்.

அவள் படம் போட என்று இங்கே வந்தவள் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் இரும்புச் சுருள் கூட்டவும் டீ டம்ளர் கழுவவும் வந்தாள். அப்போது படம் போட ஒரு பெரியவர் இருந்தார். படக்காரர் என்போம். பழைய படங்களை அவர் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடுவார். நல்ல கெட்டித்தாள். அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கினாள். ஒருநாள் காலை கையில் இரண்டு தாளோடு படக்காரர் முன்னால் வந்து நின்றாள்.

“ஐயா, எங்க வீட்டுப் பருப்பு டப்பாவுக்கு அடியில ஒரு தப்பு இருக்கு.”

ஒரு தாளில் துளை. பக்கத்தில் விரித்த தாளில் அந்தத் துளைக்குள் போகவேண்டிய போல்ட். இரண்டும் ஒரு விரல் தள்ளி இருந்தன. அலமாரி துடைக்கும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. படக்காரர் வெகுநேரம் தாளையே பார்த்தார். அந்தத் துளையோடு ஏற்கெனவே மூன்று மெஷின் அனுப்பியாகிவிட்டது. மூன்றையும் அரம் போட்டு நேராக்கியது யார் என்று கேட்க வேண்டாம். மறுநாள் அவர் தன் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போட்டார். பிறகு கம்ப்யூட்டர் வந்தபோது, “எலியைப் புடிச்சுக்கிட்டுப் படம் போடற வயசு எனக்கு இல்லை” என்று அவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். எலியை இவள் பிடித்தாள்.

வீட்டிலும் இதே கதைதான். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். “ரெண்டு லாரிக்கு நடுவுல கண்ணை மூடிக்கிட்டு பஸ்ஸை விட்டுடுவேன் அண்ணே. இவ கிச்சன்ல ஒரு டம்ளரை எங்க வைக்கறதுன்னுதான் எனக்குக் கை நடுங்குது” என்பார். உப்பு டப்பா இடம் மாறினால் மாமியாரே மருமகளைக் கேட்டுத்தான் திரும்ப வைப்பாராம்.

அந்தக் கம்ப்யூட்டரை அவள் மாப்பிள்ளை என்பாள். கூப்பிட்டால் உடனே எழுந்து வராது. ஃபேனுக்கு அடியில்தான் உட்காரும். சின்னதாக ஏதாவது சொல்லிவிட்டால் முறுக்கிக்கொண்டு நிற்கும். மாப்பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு படத்துக்கு மேல் தாங்காது. அதனால் ஒரு முழு மெஷினை ஆறு துண்டாக்கி, ஆறு படமாகப் போட்டு வைத்திருப்பாள். மூன்றாவதைத் திறந்தால் திரையில் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு எல்லாம் போய்விடும். இத்தனை வருஷம் இத்தனை மெஷின் வரைந்தவள், ஒரு முழு மெஷினைக்கூட முழுசாகத் திரையில் பார்த்ததில்லை.

அதுவரை அவள் வரைந்ததெல்லாம் படக்காரர் போட்ட பழைய மெஷினை நீட்டியும் குறுக்கியும் செய்ததுதான். இந்த வருஷம் ஆரம்பத்தில் தானாக ஒரு மெஷின் யோசித்தாள். பழைய மெஷினில் மூடியை எடுத்து பாட்டில் மேல் வைக்கிற கைக்கு மூன்று ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் மாட்டி மாட்டி என் இடது கையில் நகம் ஒழுங்காக இருக்கிற விரல் இரண்டுதான். அவள் மூன்று ஸ்பிரிங்கையும் தூக்கி எறிந்துவிட்டு, முட்டை வடிவத்தில் ஒரே ஒரு சக்கரம் வைத்தாள். சக்கரம் சுற்றினால் கை தானே ஏறும், தானே இறங்கும். நானூற்றுப் பன்னிரண்டு பாகம். படங்களை என் மேசையில் கொண்டுவந்து போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பரவாயில்ல” என்றேன்.

என்னிடமிருந்து அவள் கேட்ட பெரிய பாராட்டு அதுதான். வீட்டில் சொன்னபோது என் மனைவி, “வாயில என்ன, கொழுக்கட்டையா? நல்லா இருக்குன்னு சொன்னா என்ன?” என்று கேட்டாள்.

மெஷின் படமாகவே இருந்தது. வாங்க ஆள் வேண்டுமே. பிறகு ஒரு புதன்கிழமை ஜூஸ் கம்பெனிக்காரம்மா வந்தார். குள்ளமாக, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியோடு. பழைய மெஷினைச் சுற்றி வந்தார், உதட்டைப் பிதுக்கினார். முதலாளி மென்று விழுங்கிப் புது மெஷின் விஷயத்தைச் சொன்னார்.

“துண்டு துண்டா தாள் காட்டாதீங்க. வெள்ளிக்கிழமை காலைல வர்றேன். முழு மெஷினும் திரையில ஓடணும். ஓடிச்சுன்னா செய்யச் சொல்றேன்” என்றார் அந்த அம்மா.

அவர் போனதும் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். “மாப்பிள்ளையால முடியுமா?”

“முடியாது” என்றாள் கால்மில்லி.

“புது கம்ப்யூட்டர் அடுத்த வருஷம் பாக்கலாம்னு இருந்தேன்.”

“அஞ்சு வருஷமா அடுத்த வருஷம்தானே சார்.”

முதலாளி தலையைத் தடவினார். “வெள்ளிக்கிழமை திரையில வந்தா புதுசைச் செய்யலாம். வரலைன்னா பழைய மாடலையே பெயிண்ட் மாத்திக் காட்டிடுவோம். உன் படம் பத்திரமா பீரோவுல இருக்கட்டும்.”

அந்த பீரோவுக்குள் போன காகிதம் எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

வியாழக்கிழமை காலை எலக்ட்ரீஷியன் வந்து மாப்பிள்ளையின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு பூனை படுத்திருந்த மாதிரி தூசி.

“கம்ப்யூட்டர்ல குறை இல்ல. மெமரி பத்தல. உங்க ஃபிட்டர் பெஞ்ச் சாண் அகலம் இருந்தா எத்தனை சாமானைப் பரப்புவார்? அந்த மாதிரி. இதோ பாருங்க, ஒரு மெமரி மாட்டியிருக்கு. பக்கத்து இடம் காலி. அதுல ஒண்ணு போட்டா மேசை பெருசாயிடும்” என்றார். ஸ்டோர் ரூமில் செத்துக் கிடந்த இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மெமரியைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

உள்ளங்கை நீளத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு பச்சைத் தகடு. ஒரு ஓரம் முழுக்கத் தங்க நிறத்தில் பல். பல் வரிசைக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம். கம்ப்யூட்டரில் அது உட்காரும் இடத்தில் ஒரு மேடு. மேடு பள்ளத்துக்குள் போகவேண்டும். போகவில்லை. இரண்டும் தள்ளி இருந்தன.

“இது வேற ஜாதி. பொருந்தாது” என்று கால்மில்லி தகட்டை மேசையில் வைத்தாள். “சாப்பிட்டு வந்து யோசிப்போம்.”

அவள் சாப்பிடப் போனாள். நான் போகவில்லை. தகட்டை எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு தள்ளி இருக்கிறது? இரண்டு மில்லி. இரண்டு மில்லிக்கு ஒரு மெஷினே பீரோவுக்குள் போவதா? என் மேசையில் எட்டு அரம் இருக்கிறது. இருப்பதிலேயே மெல்லியதை எடுத்தேன். தகட்டைத் துணியில் சுற்றி இடுக்கியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை ஒரு பக்கமாக அகலப்படுத்தினேன். இரண்டு மூன்று தங்கப் பல் போனது. வாயில் இத்தனை பல் இருக்கும்போது இரண்டு போனால் என்ன, நான் சாப்பிடவில்லையா என்று நினைத்துக்கொண்டேன். மாட்டி அழுத்தினேன். ‘டக்’ என்று உட்கார்ந்தது. அந்த டக் இருக்கிறதே, ஒரு ஃபிட்டருக்கு அதைவிட இனிமையான சத்தம் கிடையாது.

சுவிட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் மூன்று முறை கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டேன். மறுபடி மூன்று. நெற்றி வியர்த்துவிட்டது.

கால்மில்லி கை துடைத்துக்கொண்டே வந்தாள். கறுப்புத் திரையைப் பார்த்தாள். என் சட்டையில் இருந்த பச்சைத் தூளைப் பார்த்தாள்.

“அரம் போட்டீங்களா?”

“கொஞ்சம்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். அவள் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தகட்டை வெளியே எடுத்து, வெர்னியரால் பள்ளத்தை அளந்தாள்.

“ரெண்டு மில்லி வேணும். ரெண்டரை எடுத்திருக்கீங்க. தப்பு செய்யறதுலயும் அளவு தப்பு.”

வெல்டர் சிரித்தார். நான் முறைத்தேன்.  பழைய மெமரியை மட்டும் வைத்துப் போட்டும் அதே மூன்று கத்தல்தான். நாளைக்குப் புதுப் படம் இல்லை என்பது போய், இனி எந்தப் படமும் இல்லை என்று ஆகிவிட்டதா? இத்தனை வருஷத்து வேலை அதற்குள்தான் இருக்கிறது.

“ஏம்மா,” என்றேன். 

“சும்மா இருங்க அண்ணே.” பென்சில் டப்பாவைத் திறந்து ரப்பரை எடுத்தாள். அவள் இன்னும் பென்சில் ரப்பர் வைத்திருக்கிறாள். பழைய மெமரியைக் கழற்றி, தங்கப் பல் ஒவ்வொன்றையும், தாளில் தப்பான கோட்டை அழிக்கிற மாதிரி மெதுவாகத் தேய்த்தாள். வருஷக்கணக்கான அழுக்கு ரப்பரில் கறுப்பாக வந்தது. படம் துடைக்கிற பிரஷ்ஷால் உள்ளே இருந்த தூசியையும் என் அரத்தூளையும் கூட்டி எடுத்தாள். மாட்டினாள். போட்டாள்.

ஒரே ஒரு சின்னக் கத்தல். திரையில் வெளிச்சம் வந்தது.

“மாப்பிள்ளை எழுந்துட்டார்” என்றார் வெல்டர். நான் போய்த் தண்ணீர் குடித்தேன்.

இப்போது சரியான மெமரி வாங்க வேண்டும். மாதிரிக்கு இருப்பதைக் கழற்றிக் கொண்டுபோகலாம் என்றேன். அவள் விடவில்லை. வேறொரு மெஷினுக்கு மாலைக்குள் வரைய இன்னும் ஏழு பாகம் இருந்தது, கம்ப்யூட்டர் ஓடியாக வேண்டும். “கழற்றி இருந்தப்பவே அளந்துட்டேன்” என்றாள். பத்து நிமிஷத்தில் ஒரு தாளை நீட்டினாள். மெமரித் தகட்டின் படம். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு. நீளம், உயரம், கனம், ஓரத்திலிருந்து பள்ளம் எவ்வளவு தூரம், பல் எத்தனை, மேலே ஒட்டியிருந்த சீட்டில் என்ன எழுத்து, எல்லாம். அசல் அளவிலேயே. கீழே மூலையில் வழக்கம்போல அவள் கையெழுத்து.

வேறு யாராவது இருந்தால் சீட்டில் இருக்கிற எழுத்தை மட்டும் கையில் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். எங்களுக்கு எந்தப் பாகம் வேண்டுமானாலும் படம் போட்டுத்தான் பழக்கம்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்னங்க?”

“மெமரி.”

“படம் போட்டு மெமரி கேக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். கடைஞ்சு தரணுமா?”

“இருந்தா குடுங்க. இல்லைன்னா கடைஞ்சுக்கறோம்.”

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு தகட்டை எடுத்து வந்தார். நான் அதைப் படத்தின் மேல் வைத்தேன். பள்ளம் தள்ளி நின்றது. “இது வேற ஜாதி” என்றேன். கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். சீட்டு எழுத்தைப் படித்தார், நாக்கைக் கடித்தார், ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். அதிலிருந்து எடுத்ததை வைத்தேன். ஓரத்துக்கு ஓரம், பள்ளத்துக்குப் பள்ளம், படத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

“இதே அளவுலயே, இன்னும் நிறைய தாங்கற மாதிரி ரெண்டு இருக்கு. பழசை எடுத்துட்டு ஜோடியா போடுங்க, பறக்கும்” என்றவர், தாளை விடவில்லை. “இதை நான் வச்சுக்கட்டுமா? கடையில மாட்டணும்.”

பட்டறைக்குத் திரும்பியதும் இதைக் கால்மில்லியிடம் சொன்னேன். “கையெழுத்து தெரியற மாதிரி மாட்டச் சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மாட்டுகிற வேலையை என்னிடமே கொடுத்தாள். அதுதான் எனக்கு ஆச்சரியம். “ரெண்டு கட்டை விரலும் ரெண்டு ஓரத்துல. சமமா அழுத்துங்க. சத்தம் வந்ததும் கையை எடுத்துடணும்.” அழுத்தினேன். டக். அடுத்தது. டக். பக்கவாட்டுத் தகட்டை மூடினோம்.

பத்தரை மணிக்கு ஜூஸ் கம்பெனிக்காரம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளி அவர் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கால்மில்லி எலியைப் பிடித்தாள். பழக்க தோஷம், குரல் கொடுத்தாள்.

“திறக்கிறேன்.”

லேத் நின்றது. வெல்டர் முகமூடியைத் தூக்கினார். எல்லோரும் டீக்குப் போனார்கள். ஒருவர் டம்ளரைக் கையில் எடுத்தார், இன்னொருவர் ஊற்றிக்கொண்டிருந்தார், ஸ்கேல் கண்ணாடியில் மூன்று தட்டு தட்டியது.

“என்னாச்சு, படுத்துடுச்சா?” என்று லேத்காரர் டம்ளரோடு ஓடி வந்தார்.

படுக்கவில்லை. ஆறு துண்டும் ஒன்றாகச் சேர்ந்து திரை நடுவில் ஒரு முழு மெஷின் நின்றது. கால், மேசை, சுற்றும் தட்டு, கண்ணாடிக் கதவு, மூடி எடுக்கிற கை. கால்மில்லி எலியை நகர்த்தினாள். அதை ஒரு சுற்று சுற்ற வைத்தாள். பின்பக்கம் வந்தது. அவளே அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பட்டறையே டம்ளரோடு கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது.

முட்டைச் சக்கரம் சுற்றியது. கை ஏறியது, இறங்கியது, ஏறியது.

“நிறுத்து” என்றாள் கால்மில்லி, தனக்குத் தானே. நிறுத்தினாள். கை மேலே ஏறி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் போனாள், இன்னும் பக்கத்தில். கையின் முனை கதவுக் கீலின் போல்ட் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கை மூன்றாவது துண்டில் இருந்தது, கீல் ஐந்தாவதில். இரண்டையும் சேர்த்து யாரும் பார்த்ததே இல்லை.

“இடிக்குது” என்றாள். “கால் மில்லி.”

முதலாளி அவள் காதருகே குனிந்தார். “கால் மில்லிதானேம்மா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.  அந்த அம்மா பார்த்திருக்கவே மாட்டார். இவள் பேசாமல் இருந்திருந்தால் நான் கோர்க்கும்போது சரிசெய்திருப்பேன்.

“அது ஒண்ணுமில்லைங்க, நானே ஒரு அரம்...” என்று ஆரம்பித்துவிட்டேன்.

கால்மில்லி திரும்பிப் பார்த்தாள். “அரமா?”

கண்ணாடிக்கு வெளியே லேத்காரர் சிரித்த சிரிப்பில் டீ அவர் மூக்கு வழியாக வந்தது. ஜூஸ் கம்பெனிக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெல்டர் நேற்றைய கதையை, என் வியர்வை உட்பட, ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் கால்மில்லி கீலைக் கொஞ்சம் வெளியே நகர்த்திவிட்டு மறுபடி ஓடவிட்டாள். கை ஏறியது, இறங்கியது. எங்கும் தொடவில்லை.

“நான் இதுவரைக்கும் வாங்கின எல்லா மெஷினும் என் இடத்துக்கு வந்துதான் இடிச்சுது. இதுதான் வர்றதுக்கு முன்னாடியே இடிச்சு முடிச்சிருக்கு. இதையே செய்யுங்க. இந்தப் பொண்ணு பாத்து அனுப்பட்டும்” என்று எழுந்தார்.

முதலாளி அவரை வழியனுப்பப் போனார். கால்மில்லி நாற்காலியிலேயே உட்கார்ந்து மெஷினைச் சுற்ற விட்டுக்கொண்டிருந்தாள். முன்பக்கம், பின்பக்கம், மேலே, கீழே. சின்னப் பிள்ளை ராட்டினத்தைப் பார்க்கிற மாதிரி முகம்.

“நல்லா இருக்கும்மா” என்றேன்.

“என்னது?”

“காது கேக்கலைன்னா போ.”

மூன்று மாதத்தில் மெஷினைக் கோர்த்து நிறுத்தினேன். நானூற்றுப் பன்னிரண்டு பாகத்தில் ஒன்றுக்குக்கூட அரம் தொடவில்லை. எட்டு அரமும் மேசையில் வேலை இல்லாமல் கிடந்தன. ஓடவிட்ட அன்று அவள் வீட்டுக்காரர் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு அவள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமியார் மெஷினைப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டு அலமாரியிலிருந்து வந்ததுதானே” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே பிரச்சினை டீ. மாப்பிள்ளை இப்போது கண் சிமிட்டுவதற்குள் திறந்துவிடுகிறார். லேத்காரர்கள் கூடிப் போய்க் கால்மில்லியிடம் முறையிட்டார்கள். இப்போதும் பத்தரை மணிக்கு அவள் “திறக்கிறேன்” என்று குரல் கொடுக்கிறாள். படம் உடனே திறந்துவிடுகிறது. ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்துவிட்டுப் போய்த்தான் மூன்று தட்டு தட்டுகிறாள். முதலாளிக்கு இது தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார்.

நான் அரம் போட்ட மெமரி என் மேசைக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. மாட்டியது அவள்தான். கூடவே ஒரு சின்னச் சீட்டு, அவள் கையெழுத்தில்: பாகம் 413. பொருந்தாது. அளவு: அரை மில்லி அதிகம்.

வருகிறவன் போகிறவனெல்லாம் அது என்ன என்று கேட்கிறான். கழற்றிப் போடலாம்தான். ஆணி கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது.